சிறு பாய்லருக்கு ஊட்டுநீரை முன்சூடாக்குதல்: முதலில் எது, கடைசியில் எது

மணிக்கு 100 கிலோ முதல் 1,000 கிலோ வரை நீராவி தரும் சிறு பாய்லர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஊட்டுநீர், அதாவது பாய்லருக்குள் செலுத்தும் நீர், முன்கூட்டியே சூடாக இருந்தால் எரிபொருள் மிச்சமாகும். வேலை கடினமானதல்ல. வரிசை தப்பினால்தான் தொல்லை. புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் தொட்டி நீரைச் சூடாக்குகிறார்கள். உடனே பம்ப் சத்தமிடுகிறது. பயந்துபோய்ச் சூட்டைக் குறைக்கிறார்கள். "நம் பாய்லருக்கு இது சரிவராது" என்று ஒரு வாரத்தில் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நீரைச் சூடாக்குவது எவராலும் முடியும். சூடான நீரைப் பம்ப் எடுக்குமா என்பதுதான் முதல் கேள்வி. கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

1. தொடங்கும் முன் தேவையானவை

மென்னீர் முதல் தேவை. கடினநீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகள் பிரிந்து சுண்ணாம்புப் படிவாக இறங்கும். இதுவரை பாய்லருக்குள் படிந்தது இனித் தொட்டியிலும் பம்பிலும் குழாயிலும் படியும். ஆகவே கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் ஒழுங்காக இயங்குகிறதா என்று சோதித்த பிறகே மற்ற வேலை. சாஃப்ட்னரின் இடம் எப்போதும் குளிர்நீர்ப் பக்கம்தான். அதன் பிளாஸ்டிக் உடலும் வால்வுப் பாகங்களும் சுடுநீரைத் தாங்கா.

அடுத்து, பாய்லருக்குப் போகும் நீரை அளக்க ஒரு மீட்டர், தொட்டியில் ஒரு வெப்பமானி, எரிபொருள் செலவைக் குறித்துவைக்க ஒரு நோட்டு. எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் தினமும் மூன்றையும் எழுதுங்கள். ஒரு டன் நீரை ஆவியாக்க எவ்வளவு எரிபொருள் போகிறது என்ற எண் கையில் இல்லாவிட்டால், பிறகு கிடைத்த பலனை நீங்களே நம்ப மாட்டீர்கள்.

கடைசியாக, பம்பின் பெயர்ப்பலகையும் அதன் செயல்திறன் வரைபடமும். பலரிடம் இது இருக்காது. மாடல் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடமோ விற்பவரிடமோ கேட்டு வாங்குங்கள். நான்காம் படியில் இது இல்லாமல் நகர முடியாது.

2. எவ்வளவு மிச்சமாகும்: முதலில் கணக்கு

7 பார் அழுத்தத்தில் ஓடும் பாய்லரில், 30 டிகிரி செல்சியஸில் நுழையும் ஒரு கிலோ நீரை நீராவியாக்க ஏறத்தாழ 2,640 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே நீர் 90 டிகிரியில் நுழைந்தால் ஏறத்தாழ 2,390 கிலோஜூல் போதும். வித்தியாசம் 9.5 சதவீதம். இதைத்தான் பாய்லர்காரர்கள் சுருக்கமாக, ஊட்டுநீரின் வெப்பநிலை 6 டிகிரி ஏறினால் எரிபொருள் 1 சதவீதம் குறையும் என்று சொல்வார்கள். சிறு பாய்லர்களுக்கு இந்த விதி போதும்.

இந்தக் கணக்கை முதலிலேயே போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் தொட்டி ஏற்கெனவே 65 டிகிரியில் இருந்தால், 85-க்குக் கொண்டுபோவதில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் கிடைக்கும். 30-லிருந்து தொடங்குபவர் செய்யும் செலவை நீங்களும் செய்ய வேண்டியதில்லை.

3. வெப்பம் எங்கிருந்து வரப்போகிறது

மேலே சொன்ன மிச்சம், வீணாகப் போகும் வெப்பத்தைப் பிடித்து நீரில் சேர்த்தால் மட்டுமே கிடைக்கும். பாய்லரின் சொந்த நீராவியையே குழாய்வழி தொட்டிக்குள் விட்டுச் சூடாக்கினால், எரிபொருள் எரித்துப் பெற்ற வெப்பம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பப் பாய்லருக்குள் போகிறது. மிச்சம் எங்கிருந்து வரும்? நான் பார்த்த தவறுகளில் அதிகம் பேர் செய்தது இதுதான். நேரடி நீராவிக்கும் ஒரு பயன் உண்டு. நீரில் கரைந்த ஆக்ஸிஜனை விரட்டும். சூடான பாய்லருக்குள் குளிர்நீர் பாய்ந்து உலோகம் திடுக்கென்று சுருங்குவதைத் தடுக்கும். ஆனால் அது கடைசிச் சில டிகிரிகளுக்கான துணை. மூலம் அல்ல.

தேட வேண்டிய வரிசை இது. முதலில் கண்டன்சேட், அதாவது நீராவி தன் வேலையை முடித்துக் குளிர்ந்து திரும்பும் நீர். அதில் வெப்பமும் இருக்கிறது, மென்னீராகவும் இருக்கிறது. பிறகு புகைபோக்கி வழியே போகும் வெப்பம். புளோடவுன், அதாவது உப்பும் வண்டலும் சேராமலிருக்கப் பாய்லரிலிருந்து திறந்துவிடும் நீர்; அதன் வெப்பத்தைப் பிடிப்பது பெரிய பாய்லர்களுக்குப் பொருந்தும். ஒரு ஷிப்டுக்கு ஓரிரு முறை சில விநாடிகள் மட்டும் திறக்கும் சிறு பாய்லரில் அதற்குச் சுருள் அமைப்பது, என் கருத்தில், வீண் வேலை.

4. பம்ப்: தொட்டியைத் தொடுவதற்கு முன்

ஒரு பாய்லர் அறையில் ஃபீட் பம்பின் மேல் ஈரச்சாக்கு போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு வாளி, ஒரு குவளை. பம்ப் ஓடத் தொடங்கும்போதெல்லாம், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வந்தது. ஆபரேட்டர் எழுந்து போய்ச் சாக்கின் மேல் இரண்டு குவளை நீரை ஊற்றுவார். சத்தம் சற்று அடங்கும். பம்பைக் கழற்றியபோது இம்பெல்லரின் (பம்புக்குள் சுழலும் சக்கரத்தின்) ஓரங்கள் கறையான் அரித்த மரம்போல் இருந்தன. தொட்டி, பம்புக்குச் சமமாகத் தரையில் இருந்தது. நீரின் சூடு 88 டிகிரி.

அங்கே நடந்தது கேவிடேஷன். பம்பின் வாயில் அழுத்தம் குறையும்போது சூடான நீர் அங்கேயே கொதித்துக் குமிழாகிறது. உள்ளே அழுத்தம் ஏறியதும் குமிழ்கள் நொறுங்கி உலோகத்தைக் கொத்துகின்றன. நீர் சூடாகச் சூடாக இதற்கான வாய்ப்பு வேகமாகக் கூடுகிறது. கடல்மட்டத்தில் திறந்த தொட்டியிலிருந்து, 60 டிகிரி நீருக்கு வளிமண்டலம் தரும் தள்ளு உயரம் (நீர் கொதிக்காமல் பம்புக்குள் போக உதவும் அழுத்தம், நீர்த்தம்பத்தின் உயரமாக) ஏறத்தாழ 8.4 மீட்டர். 80 டிகிரியில் 5.6 மீட்டர். 90 டிகிரியில் 3.3 மீட்டர்தான். 100 டிகிரியில் ஒன்றும் மிஞ்சாது.

இப்போது பம்பின் வரைபடத்தில் என்.பி.எஸ்.எச். என்று குறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பம்ப் கேட்கும் குறைந்தபட்சத் தள்ளு உயரம் அதுதான். அது 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உறிஞ்சுகுழாயில் உராய்வு இழப்பு 0.5 மீட்டர், பாதுகாப்புக்கு 1 மீட்டர் சேருங்கள். மொத்தம் 4.5 மீட்டர் வேண்டும். 90 டிகிரியில் கையில் இருப்பது 3.3. ஆகவே தொட்டியின் நீர்மட்டம் பம்பைவிடக் குறைந்தது 1.2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டி நிரம்பியிருக்கும்போது உள்ள மட்டத்தை எடுத்துக் கணக்கிட்டு ஏமாந்துபோகாதீர்கள். மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

உயரமான இடங்களில் இருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே 85 டிகிரி நீர், சமவெளியின் 90 டிகிரி நீரைப் போலப் பம்பைப் படுத்தும்.

உறிஞ்சுகுழாய் பம்பின் வாயைவிட ஓர் அளவு பெரிதாக, குட்டையாக, வளைவுகள் குறைவாக இருக்கட்டும். நடுவில் மேடு எழும்பி இறங்கினால் அந்த மேட்டில் ஆவி தங்கிவிடும். வடிகட்டியைப் பெரிதாகப் போடுங்கள்; அடைத்த வடிகட்டி ஒன்றே கேவிடேஷனை உண்டாக்கப் போதும். பம்பின் சீல்களும் ஓ-ரிங்குகளும் சுடுநீருக்கு ஏற்றவையா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். குளிர்நீர் பம்பை அப்படியே விட்டால் சில வாரங்களில் சொட்டத் தொடங்கும். பம்புக்குப் பதிலாக நீராவி இன்ஜெக்டர் வைத்திருப்பவர்கள் இங்கேயே நிற்கலாம். குளிர்நீரில் நீராவி ஒடுங்குவதுதான் இன்ஜெக்டரின் விசை. சுடுநீரை அது எடுக்காது. முன்சூடு வேண்டுமென்றால் அதைத் தாண்டிய பிறகு, பாய்லருக்கு முன்னால்தான் சேர்க்க முடியும்.

5. தொட்டி

பாய்லர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடத் தேவையான நீரைத் தொட்டி தாங்க வேண்டும். அதற்கு மேல், திரும்பி வரும் கண்டன்சேட்டுக்குத் தனி இடமும் வேண்டும். மணிக்கு 500 கிலோ பாய்லர் என்றால் 1,000 லிட்டர் தொட்டி நிம்மதியாக இருக்கும்.

பொருள் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. பிளாஸ்டிக் தொட்டி கூடவே கூடாது. துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் துத்தநாகப் பூச்சு இரும்பைக் காக்கும் தன்மையை இழக்கத் தொடங்கும். தொட்டிக்குள் இருக்கும் மிதவையையும் பாருங்கள். பிளாஸ்டிக் பந்து சூட்டில் இளகி, நீர் புகுந்து மூழ்கும். வால்வு திறந்தபடியே நிற்கும், தொட்டி வழியும். எஃகு அல்லது செம்பு மிதவை போடுங்கள்.

மூடி வேண்டும், ஆனால் தொட்டி அடைபடக் கூடாது. மூடியிலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு, ஆவி வெளியேற வென்ட் குழாய் ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதில் வால்வு எதுவும் வைக்கக் கூடாது. வென்ட் அடைத்தால் திறந்த தொட்டி அழுத்தக்கலனாக மாறிவிடும். அதற்காக அது கட்டப்படவில்லை. உள்ளிருந்து பம்புக்குப் போகும் வழி, அடியிலிருந்து 5 முதல் 7 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அடியில் தேங்கும் வண்டலைப் பம்ப் இழுக்காது. பிறகு தொட்டி, குழாய் இரண்டையும் வெப்பக்காப்பால் போர்த்துங்கள்.

6. கண்டன்சேட்டைக் கொண்டுவருதல்

பலன் அதிகம் தருவது இந்தப் படிதான். நிதானமாகச் செய்யுங்கள்.

500 கிலோவில் 60 சதவீதம் கண்டன்சேட்டாக 85 டிகிரியில் திரும்புகிறது, மீதி 40 சதவீதம் புதுநீர் 28 டிகிரியில் சேர்கிறது என்றால் கலவை 62 டிகிரிக்கு வரும். ஒரு சொட்டு நீராவிகூடச் செலவழிக்காமல் 34 டிகிரி ஏறிவிட்டது. முன் சொன்ன விதிப்படி ஐந்தரை சதவீதத்துக்கு மேல் எரிபொருள் மிச்சம்.

இதைக் கெடுப்பது மிதவையின் உயரம். புதுநீர் மிதவையைத் தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்துவிடுகிறார்கள். தொட்டி எப்போதும் குளிர்நீரால் நிரம்பியிருக்கிறது. கண்டன்சேட் வந்ததும் இடமில்லாமல் வழிந்து சாக்கடைக்குப் போகிறது. வழியும் நீரைக் கையருகே கொண்டுபோனால் வெதுவெதுப்பாக இருக்கும். அதுதான் உங்கள் எரிபொருள். மிதவையைத் தொட்டியின் பாதி உயரத்துக்கு இறக்குங்கள். அதற்கு மேலுள்ள பாதி, கண்டன்சேட்டுக்கு மட்டும்.

கண்டன்சேட் குழாயின் முனை நீருக்குள் மூழ்கியிருக்கட்டும். நீர்ப்பரப்பின் மேல் கொட்டினால் சூடு ஆவியாகி வென்ட் வழியே போய்விடும், காற்றையும் கலக்கும். 7 பாரில் ஓடும் கருவியிலிருந்து ட்ராப் (நீராவியை நிறுத்திக் கண்டன்சேட்டை மட்டும் விடும் வால்வு) வழியாக வெளியேறும் நீரில் ஏறத்தாழ 13 சதவீதம் திறந்த வெளியில் மீண்டும் நீராவியாகிவிடும். இந்த ஃப்ளாஷ் ஆவியைத் தொட்டியின் நீரே குடித்துவிட வேண்டும். அதற்காகத்தான் மூழ்கிய முனை.

எந்தக் கண்டன்சேட்டும் திரும்பலாம் என்று எண்ண வேண்டாம். எண்ணெய், சாயம், சர்க்கரை, பால் போன்றவற்றைச் சூடாக்கும் கருவிகளில் குழாய் ஓட்டை விழுந்தால் அவை கண்டன்சேட்டில் கலந்து பாய்லருக்குள் போகும். நுரை பொங்கும், எண்ணெய்ப் படலம் படிந்த இடத்தில் உலோகம் அளவுமீறிச் சூடேறும். சந்தேகமுள்ள குழாயில் மாதிரி எடுக்க ஒரு வால்வும், சாக்கடைக்குத் திருப்ப ஒரு வழியும் அமைத்துவிட்டுத்தான் தொட்டியோடு இணைக்க வேண்டும்.

7. மீதிச் சூட்டுக்கு நீராவி

62-லிருந்து 85-க்குக் கொண்டுபோக, மணிக்கு 500 கிலோ நீருக்கு 20 கிலோ நீராவி போதும். தொட்டியின் அடியில் துளையிட்ட ஒரு குழாயைக் கிடையாகப் பதித்து அதன் வழியே விடுங்கள். குழாயில் வெப்பநிலையைப் பார்த்துத் தானே திறந்து மூடும் வால்வு இருக்க வேண்டும். கையால் திருகும் வால்வை நம்ப வேண்டாம். ஆபரேட்டர் ஒரு நாள் மறப்பார், தொட்டி கொதிக்கும், பம்ப் நின்றுபோகும். வால்வின் உணரியை நீராவித் துளைகளுக்கு அருகே வைக்காமல் பம்புக்கு நீர் போகும் வழியருகே வையுங்கள். நமக்குத் தெரிய வேண்டியது பம்ப் காணும் வெப்பநிலை.

85 டிகிரியில் நிறுத்துவது என் வழக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் வென்ட் இழப்பு கூடுகிறது, பம்புக்கான இடைவெளி குறைகிறது.

8. பாய்லர் நிற்கும் நேரம்

இரவு பாய்லர் அணைந்து குளிரும்போது உள்ளே நீராவி ஒடுங்கி வெற்றிடம் உருவாகும். இரண்டு விபரீதங்கள் நடக்கலாம். நீராவிக் குழாய் வழியாகத் தொட்டி நீர் பின்னோக்கி இழுக்கப்படும். ஃபீட் குழாய் (பம்பிலிருந்து பாய்லருக்குப் போகும் குழாய்) வழியாகவும் நீர், ஒரே திசையில் மட்டும் திறக்கும் செக் வால்வைத் தள்ளிக்கொண்டு பாய்லருக்குள் இறங்கும். தொட்டியை உயர்த்திய பிறகு இது இன்னும் எளிதாக நடக்கும். காலையில் கண்ணாடிக் குழாயில் மட்டம் தெரியாத அளவு பாய்லர் நிரம்பியிருந்தால் காரணம் இதுதான்.

தொட்டிக்குப் போகும் நீராவிக் குழாயில், நீர்மட்டத்துக்கு மேலே, வெற்றிடம் முறிக்கும் வால்வும் ஒரு செக் வால்வும் பொருத்துங்கள். ஃபீட் குழாயில் ஸ்பிரிங் உள்ள செக் வால்வு போடுங்கள். வேலை முடிந்ததும் ஃபீட் வால்வை மூடுவதையும், மறுநாள் பற்றவைக்கும் முன் திறப்பதையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

9. சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள்

முதல் நாளே 85-க்குப் போகாதீர்கள். 60-ல் ஒரு நாள், 70-ல் ஒரு நாள், பிறகு ஐந்து ஐந்து டிகிரியாக. ஒவ்வொரு நிலையிலும் பம்பின் வெளியேற்ற அழுத்தமானி முள் ஆடுகிறதா, சத்தம் மாறுகிறதா, பாய்லரில் மட்டம் ஏற முன்பைவிட நேரம் எடுக்கிறதா என்று பாருங்கள். முள் துடிக்கத் தொடங்கினால் 5 டிகிரி இறங்கி, வடிகட்டியைக் கழுவி, உறிஞ்சுகுழாயைச் சோதியுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் துடித்தால் தொட்டியின் உயரம் போதவில்லை.

நீரில் கரைந்த ஆக்ஸிஜனைப் பிடிக்கச் சேர்க்கும் ரசாயனத்தின் அளவையும் இப்போது மாற்ற வேண்டும். 30 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 80 டிகிரியில் அது 3-க்கு அருகில், 90-ல் 1.6-க்கு அருகில் இறங்கிவிடும். ஒரு பங்கு ஆக்ஸிஜனைப் பிடிக்க ஏறத்தாழ எட்டுப் பங்கு சோடியம் சல்ஃபைட் செலவாகும். 1,000 லிட்டருக்கு 60 கிராம் போன இடத்தில், 90 டிகிரி நீருக்கு 13 கிராம் அளவே தேவை; பாய்லர் நீரில் வைத்திருக்க வேண்டிய இருப்பு இதற்கு மேல். பழைய அளவையே ஊற்றிக்கொண்டிருந்தால் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு) ஏறும், புளோடவுன் கூடும், பிடித்த வெப்பத்தில் ஒரு பகுதி அந்த வழியே போய்விடும். பாய்லர் நீரைச் சோதித்துப் பார்த்தே குறைக்கவும்.

10. எகனாமைசர்: கடைசியில்தான்

புகைபோக்கியின் வெப்பத்தைப் பிடிக்கும் எகனாமைசரைப் பலர் முதலில் வாங்கிவிடுகிறார்கள். கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், அதற்குள் குளிர்நீர் போகக் கூடாது. இயற்கை எரிவாயுவின் புகையில் உள்ள நீராவி, 55 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த பரப்பில் வியர்த்துவிடும். கந்தகமுள்ள எண்ணெய் என்றால் 100 டிகிரிக்கு மேற்பட்ட பரப்பிலேயே அமிலம் படியும். அதற்கேற்ற குழாய்ப் பொருளையும் வெளியேறும் புகையின் வெப்பநிலையையும் வடிவமைப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். தொட்டியை 85-க்குக் கொண்டுவந்த பிறகே எரிவாயு பாய்லரில் எகனாமைசர் குழாய்கள் உலர்ந்து இருக்கும்.

புகையின் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி இறங்கினால் 1 சதவீதம் கிடைக்கும். புகை ஏற்கெனவே 160 டிகிரியில் வெளியேறினால் செலவுக்கேற்ற பலன் இருக்காது. 240-ல் வெளியேறினால் யோசிக்கலாம். ஆனால் புகைக்குழாய்களில் கரி படிந்திருந்தாலும் வெப்பநிலை ஏறும். முதலில் குழாய்களைத் துலக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

சிறு பாய்லர்களில் பம்ப் விட்டுவிட்டு ஓடும். பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் எகனாமைசருக்குள் தேங்கிய நீர் கொதிக்கும்; பம்ப் மீண்டும் ஓடும்போது குழாய் சுத்தியலால் அடித்ததுபோல் அதிரும். எரியும் நேரம் முழுவதும் நீர் தொடர்ந்து ஓடும்படி ஊட்டத்தைச் சீராக்க வேண்டும், அல்லது புகையை வேறு வழியே திருப்பும் தகடு வேண்டும். எகனாமைசரின் இரு பக்கமும் மூடக்கூடிய வால்வுகள் இருந்தால், நடுவில் தனியாக ஒரு சேஃப்டி வால்வு கட்டாயம். இது அழுத்தம் தாங்கும் பாகம். உங்கள் பகுதியின் பாய்லர் ஆய்வாளரின் அனுமதி இல்லாமல், உள்ளூர்ப் பட்டறையில் குழாய் வளைத்துப் பொருத்த வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்.

11. ஒரு மாதம் கழித்து

வென்ட் குழாயைப் பாருங்கள். மெல்லிய ஆவி இழையாக எழுந்தால் சரி. கொத்துக்கொத்தாகப் புகைந்தால், முதலில் தொட்டியின் நீராவி வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் கவனியுங்கள். ஆவி அடங்கினால் பழுது அந்த வால்வில். அடங்காவிட்டால் எங்கோ ஒரு ஸ்டீம் ட்ராப் திறந்தபடி நின்று, நீராவியை நேராகத் தொட்டிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு கருவியின் கண்டன்சேட் வால்வையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடித் திறந்து பாருங்கள். எதை மூடும்போது வென்ட் அடங்குகிறதோ, அந்த ட்ராப்பைக் கழற்றுங்கள்.